செடி வாங்கும் முன் மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

மதுரையைச் சுற்றிப் புதிதாகப் போடும் பிளாட்டுகளில் வீடு கட்டி, முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் இடம் விட்டு, அதில் நம்ம ஊர் மரம் செடிகளையே வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இந்த ஆசையில் 1,10,000 ரூபாய் போனது. ஒரு வருடத்துக்கும் மேல் நிம்மதி போனது. கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் வீட்டில் நான் மட்டும்தான். செடிகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் காய்ந்துகொண்டிருந்தபோது, எதனால் காய்கிறது என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்காமல் தவித்தேன். அப்போது யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் ஏங்கிய விஷயங்கள்தான் இவை.

எங்கள் வீடு நத்தம் ரோட்டில், ஊமச்சிகுளத்துக்குப் பக்கம். முன்பு புஞ்சையாகக் கிடந்த இடம். வீட்டைச் சுற்றி ஒன்றரை சென்ட் அளவுக்குக் காலியிடம் விட்டிருந்தோம். பக்கத்து வீடுகளில் எல்லாம் புல்வெளி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் என்று வைத்திருந்தார்கள். எனக்கு அதில் மனசு போகவில்லை. என் மாமியார் உசிலம்பட்டிப் பக்கம். அந்த ஊருக்குப் பேரே உசில மரத்தால் வந்தது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவையும் பூளைப்பூவையும் வேப்பிலையையும் அங்கே வேலியோரத்திலேயே பறித்துக்கொள்வோம். இங்கே டவுனில் அதையே கட்டு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆவாரை எது, நொச்சி எது என்று தெரியவில்லை. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

தோட்டம் போட்டுத் தருகிறவர் என்று ஒருவரைத் தெரிந்தவர்கள் மூலம் பிடித்தேன். "நாட்டுத் தாவரத் தோட்டம்தான் எங்க ஸ்பெஷல்" என்றார். போனில் நிறையப் படங்கள் காட்டினார். செடி, மண், எரு, கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று பேசி, 75,000 ரூபாயை வேலை முடிவதற்குள்ளேயே வாங்கிவிட்டார். மண் போதவில்லை என்று மூன்று டிப்பர் செம்மண்ணுக்குத் தனியாக லோடு 5,000 ரூபாய். எல்லாம் மாசி மாதத்தில் நடந்தது. வெயில் ஏறுகிற நேரமாயிற்றே, இப்போது நடலாமா என்று கேட்டேன். "மேடம், நாட்டுச் செடிக்குத் தண்ணியே வேணாம். வச்சுட்டுப் போயிட்டா தானா வந்துரும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தை யார் சொன்னாலும், அவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

நம்ம ஊர்ச் செடி வறட்சியைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் வேர் ஆழமாக இறங்கிய பிறகுதான் தாங்கும். பாலித்தீன் கவரில் வளர்ந்த கன்றுக்கு வேர் ஒரு சாண் கூட இருக்காது. மதுரைக்கு ஆண்டில் கிடைக்கிற ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான் பெய்கிறது. புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ நட்டால் அந்த மழையிலும், அதற்குப் பிறகு வருகிற பனிக்காலத்திலும் வேர் பிடித்து, பங்குனி வெயிலுக்குள் செடி தன்னைத் தயார் செய்துகொள்ளும். மாசியில் நட்டால் நேராக அடுப்புக்குள் வைப்பதுதான். அவருக்கு ஐப்பசி வரை காத்திருக்க முடியாது. பணம் அப்போதே வேண்டும். அதனால் அப்போதே நட்டார்.

பங்குனி பிறந்தபோதே வெட்சியின் புது இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. நரம்பு மட்டும் பச்சை, மற்ற இடமெல்லாம் மஞ்சள். அப்புறம் செண்பகம். அப்புறம் வாசலில் வைத்த கடம்பு. மதுரையின் பழைய பேர் கடம்பவனம், மீனாட்சியம்மன் கோயில் தல மரம் கடம்பு என்று சொல்லித்தான் அவர் அதை விற்றார். நானும் ஆசையாகத்தான் கேட்டு வாங்கினேன். ஆனால் கடம்பு ஈரம் கேட்கிற, ஓங்கி வளர்கிற பெரிய மரம். காம்பவுண்டுச் சுவரிலிருந்து ஆறடியில் அதை வைக்கக் கூடாது என்று தோட்டக்காரர் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? போன் செய்தால் முதலில் யூரியா போடச் சொன்னார். அப்புறம் டிஏபி உரம். அப்புறம் தண்ணீர் போதவில்லை என்றார். லாரித் தண்ணீர் 1,500 ரூபாய் வீதம் வாங்கி வாங்கி ஊற்றினேன். சித்திரை முடிவதற்குள் 20,000 ரூபாய் தண்ணீருக்கே போய்விட்டது. அதன் பிறகு அவர் போனையே எடுக்கவில்லை.

அந்த நாட்களில் நான் இருந்த நிலையைச் சொல்லத்தான் வேண்டும். காலையில் கதவைத் திறக்கவே பயமாக இருக்கும். இன்றைக்கு எது கருகியிருக்குமோ என்று. தெருவில் போகிறவர்கள் "என்னங்க, எல்லாம் பட்டுப் போச்சு போல" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வெளிநாட்டில் வெயிலில் நின்று ஒருவர் சம்பாதித்து அனுப்பிய பணம் என்கிற நினைப்பு ராத்திரி தூங்க விடாது. அவரிடம் முழுத் தொகையைச் சொல்ல எனக்குப் பல வாரம் ஆனது. சொன்னபோது "விடு, செடிதானே" என்றார். அது ஆறுதலாக இல்லை. எனக்கு அது வெறும் செடியாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

வைகாசியில் மாமியார் ஊரிலிருந்து வந்தார்கள். அத்தை என்றுதான் நான் கூப்பிடுவேன். செத்துப்போன வெட்சியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, கடப்பாரை எடுத்துவரச் சொன்னார்கள். அரை அடிக்குச் செம்மண். அதற்குக் கீழே கடப்பாரை இறங்கவே இல்லை. சிமெண்டுக் கலவை இறுகிய கட்டிகள், செங்கல் உடைசல், டைல்ஸ் துண்டு, சுண்ணாம்பு, கிழிந்த சிமெண்டுச் சாக்கு. வீடு கட்டியபோது மிஞ்சியதை எல்லாம் கொத்தனார் ஆட்கள் அங்கேயே தள்ளி மூடியிருக்கிறார்கள். அதன் மேல் செம்மண்ணைப் பரப்பிச் செடியை நட்டுவிட்டுப் போயிருக்கிறார் தோட்டக்காரர். குழி எடுத்தவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. "ஏத்தா, இது மண்ணே இல்லத்தா. பூராம் சல்லியும் சுண்ணாம்பும். இதுல என்னத்தைத்தா வேர் விடும்?" என்றார்கள் அத்தை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆனால் ஒரு பாரமும் இறங்கியது. காரணம் தெரிந்துவிட்டதே.

அதனால் செடி வாங்கும் முன், ஏன், தோட்டக்காரரிடம் பேசும் முன்பே, உங்கள் இடத்தில் நாலைந்து இடங்களில் இரண்டடி ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். கீழே உள்ள மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து அதன் மேல் வினிகரை ஊற்றுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். கட்டிட இடிபாட்டால் மட்டுமில்லை, நம்ம பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டி கலந்து கிடக்கிற சுக்கான் மண்ணும் இப்படி நுரைக்கும். அப்புறம் குழி நிறையத் தண்ணீர் விட்டு, அது வடிந்ததும் மறுபடி நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் கீழே இறுகிக் கிடக்கிறது, வேர் அழுகும். இந்த இரண்டு சோதனைக்கும் ஐம்பது ரூபாய் கூட ஆகாது. வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் இன்னும் எளிதாகத் தப்பிக்கலாம். செடிக்கு என்று விடும் இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்துவிட்டு, அங்கே கலவை போடக் கூடாது, இடிபாடு கொட்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் முதல் நாளே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

மண்ணை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தேன். கட்டணம் மிகக் குறைவு. மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 8.8 என்று வந்தது. 7 என்றால் நடுநிலை. இவ்வளவு காரமான மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் பல செடிகளால் அதைச் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. இலை மஞ்சளானதற்குக் காரணம் அதுதான். யூரியாவும் டிஏபியும் கொட்டி இதைத் தீர்க்க முடியாது. ஜிப்சம் போடுங்கள் என்று கடையில் மூட்டையைக் காட்டினார்கள். சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் ஜிப்சம். சுண்ணாம்பு மண்ணின் காரத்தை அது குறைத்துவிடாது. பரிசோதனை அறிக்கை கையில் இல்லாமல் எந்த மூட்டையையும் வாங்காதீர்கள்.

மண்ணோடு தண்ணீரும் சேர்ந்துகொண்டது. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கிற உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,900 மில்லிகிராம். குடிநீருக்கே 500க்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. இந்தத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் தண்ணீர் ஆவியாகி உப்பு மேல் மண்ணிலேயே தங்கும். என் பாத்திகளில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது அதுதான். இப்போது வாரம் ஒரு முறையோ இரு முறையோ பாத்தி நிறைய விடுகிறேன். உப்பு வேருக்குக் கீழே இறங்கும். மொட்டை மாடி மழைநீரைத் தொட்டியில் பிடித்து, கன்றுகளுக்கு முதலில் அதைக் கொடுக்கிறேன். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு விடச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். போர் தண்ணீரை விட அதில் உப்பு அதிகம். விடாதீர்கள்.

ஆடியிலும் ஆவணியிலும் ஆள் வைத்து இடிபாட்டை அள்ளினோம். முழு இடத்தையும் அள்ள என்னிடம் பணம் இல்லை. மரம் வரும் இடங்களில் மட்டும் மூன்றடிக்கு மூன்றடி, மூன்றடி ஆழம் எடுத்து, ஊரிலிருந்து வந்த நல்ல மண்ணும் மக்கிய சாண எருவும் கலந்து நிரப்பினோம். நீங்கள் மண் வாங்குவதாக இருந்தால் லாரி கொட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். ராத்திரியில் கொண்டுவந்து கொட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு வந்த மூன்று லோடும் ராத்திரியில்தான் வந்தன; கிளறியபோது அதிலும் செங்கல் துண்டு இருந்தது.

இதற்கிடையில் எதை வைப்பது என்கிற கேள்வி. இதற்கு நர்சரியை விட நல்ல இடம் நம் ஊர்க் கோயில்காடும் கண்மாய்க் கரையும். உங்கள் வீட்டுக்கு நாலைந்து கிலோமீட்டருக்குள் யாரும் தண்ணீர் ஊற்றாமல் எது பச்சையாக நிற்கிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அய்யனார் கோயில்களில் கொப்பை ஒடிக்கவே பயப்படுவார்கள் என்பதால் பழைய மரங்கள் அங்கே மிஞ்சியிருக்கும். பிள்ளைகளை மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்கும் கூட்டிப் போனேன். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். பாறையும் வெயிலுமான அந்த மண்ணில் எத்தனை வகை செடி என்று பார்த்தபோதுதான் எனக்கு மறுபடி நம்பிக்கை வந்தது. நாட்டுச் செடி என்பது ஒரே குணம் உள்ள கூட்டம் இல்லை. செண்பகமும் நம் நாட்டுச் செடிதான், ஆனால் அது மலைச்சரிவின் ஈரத்துக்குப் பழகியது. என் இடத்தில் அந்தக் கோடையிலும் சாகாமல் நின்றவை பூவரசும் நொச்சியும் மட்டுமே. யாரும் வைக்காமல் தானாக முளைத்து வந்தவை வேம்பும் எருக்கும். மண்ணே தனக்கு எது வேண்டும் என்று காட்டிவிட்டது. அதையே பிடித்துக்கொண்டு பூவரசு, வேம்பு, புங்கன், வெப்பாலை, நொச்சி, ஆவாரை, மருதாணி, வேலியில் பிரண்டையும் சங்குப்பூவும் என்று முடிவு செய்தேன். புங்கனும் பூவரசும் கொஞ்சம் உப்பையும் தாங்குபவை.

செத்த செடிகளைப் பிடுங்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. ஆவாரை என்று சொல்லி அவர் வைத்ததில் பாதி ஆவாரையே இல்லை, மஞ்சள் கொன்றை. ரோட்டோரம் வைப்பார்களே, தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த பெரிய மரம், அது. கன்றாக இருக்கும்போது பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆவாரையில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் மாதிரி அகலமாக இரண்டு சின்ன இலைகள் இருக்கும். மஞ்சள் கொன்றையில் அது இருக்காது. வேலிக்கு என்று வைத்தது கோனோகார்பஸ் என்கிற அயல் மரம். அதை குஜராத் அரசு 2023இல் தடை செய்தது. பிறகு தமிழ்நாடு அரசும் தடை செய்தது. நாட்டுத் தோட்டம் என்று காசு வாங்கிக்கொண்டு இதை வைக்க எப்படி மனசு வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. பட்டாம்பூச்சி வரும் என்று சொல்லி உண்ணிச்செடியையும் விற்பார்கள். காடுகளையே மூடிக்கொண்டிருக்கிற அயல் செடி அது, வேண்டாம். கன்று வாங்கும்போது கவரின் அடியைப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தக் கன்றை எடுக்காதீர்கள். ஆளுயரக் கன்றை விட முழங்கால் உயரக் கன்று சீக்கிரம் பிடிக்கும், விலையும் குறைவு. வனத்துறை நாற்றங்கால்களிலும் கேட்டுப் பாருங்கள்.

பாதிச் செடிகளுக்குக் கன்றே தேவையில்லை என்பதை அத்தைதான் சொன்னார்கள். நொச்சியும் மருதாணியும் மழை நாளில் கம்பு ஒடித்து ஊன்றினால் வரும். பூவரசுக்குக் கனமான போத்து போதும். பிரண்டைக்கு ஒரு கணு. ஆவாரைக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் நட்டு வளர்ப்பதை விட விதைத்து வளர்ப்பதே மேல். விதைத் தோல் கடினமாக இருக்கும். சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டு, மழை விழுந்த ஈரத்தில் ஊன்றினோம். எல்லாப் பாத்திக்கும் காய்ந்த இலைதழையை மூடாக்காகப் போட்டோம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. இரண்டாம் முறை செடி வகைக்கு ஆன செலவு 2,000 ரூபாய் கூட இல்லை. இடிபாடு அள்ளிய கூலிதான் 14,000 ரூபாய் ஆனது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் செங்காந்தளை வைக்காதீர்கள். நம் மாநில மலர்தான், ஆனால் கிழங்கு கடும் விஷம். எருக்கம் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அதனால் எருக்கைப் பின் மூலையில் மட்டும் விட்டிருக்கிறேன். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரி போட்ட புழு அதில் இருந்தால் மருந்து அடிக்காதீர்கள். அவை செம்மஞ்சள் பட்டாம்பூச்சியாக மாறுபவை, மற்ற செடிக்குப் போகாது.

எல்லாம் தழைத்து வந்த நேரத்தில் இன்னோர் அடி. பொங்கலுக்கு முன்னால் தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று குடியிருப்புச் சங்கத்தின் ஆட்கள் வேலியோரம் முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். நான் வங்கிக்குப் போயிருந்த நேரம். தும்பை, பூளை, முளைத்து அரை அடி வந்த ஆவாரை எல்லாம் சில நாளில் வெந்துபோயின. கேட்டதற்கு, "புதரா இருக்கு, பாம்பு வரும்னு கம்ப்ளெயிண்ட்" என்றார்கள். பாம்புப் பயம் உண்மையான பயம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே வெட்டி ஒதுக்கியிருப்பேன். இப்போது சுவரை ஒட்டி இரண்டடி வெறும் தரையாக விட்டு, பாத்தி ஓரம் முழுக்கக் கல் அடுக்கி, ஒவ்வொரு செடிக்கும் பேர் எழுதிய பலகை வைத்திருக்கிறேன். வேண்டுமென்றே வளர்க்கிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை இல்லை. சங்கத்தில் கடிதமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். இருமல் சளிக்கு நொச்சித் தழை கேட்டு வருகிற பக்கத்து வீட்டு அக்காதான் இப்போது எனக்காக அங்கே பேசுகிறார்.

பணம் விஷயம். தோட்டக்காரரிடம் பேசும்போது செடியின் தமிழ்ப் பேரோடு தாவரவியல் பேரையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். மண் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் நடுவார், பட்டுப்போனால் மாற்றித் தருவாரா என்பதும் அதில் இருக்க வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒரு கோடை தாண்டிய பிறகே கொடுப்பேன் என்று பேசுங்கள். ஒத்துக்கொள்ளாதவர் உங்கள் செடி பிழைக்கும் என்று தானே நம்பவில்லை. எனக்கு ரசீது எதுவும் தரவில்லை. ஆனாலும் போன் வழியாக அனுப்பிய பணத்தின் பதிவும், செடிப் பட்டியலைப் பேசிய வாட்ஸ்அப் செய்திகளும், தோண்டிய குழியின் படங்களும், மண் பரிசோதனை அறிக்கையும் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் விவரம் கேட்டுக்கொண்டு, பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். என் புகார் இன்னும் விசாரணைக்கு வரவில்லை. இதே மாதிரி ஏமாற்றப்பட்டவர்கள் செத்த செடியைப் பிடுங்கி எறிவதற்கு முன்னால், வேரோடும் குழியோடும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.